'ஸ்லாங்' என்ற சொல்லும் அதன் பிரயோகமும்

ஆங்கில அகராதியொன்றில் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடும்பொழுது, பொருள் தரப்படுவதற்கு முன்னரே, சாய்ந்த எழுத்தில் ஒரு சிறு குறிப்பு இடப்பட்டிருப்பதை நேயர்கள் அவதானித்திருப்பீர்கள். சில சொற்களுக்கு 'இன்ஃபோமல்' என்றிருக்கும். சிலவற்றுக்கு 'டயலெக்ட்' என்றிருக்கும். இன்னும் சிலவற்றுக்கு 'ஸ்லாங்' என்றிருக்கும். இந்த மூன்றாவது குறிப்பைப் பற்றியே இன்று உங்களுடன் சில கருத்துகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆங்கில நாவல்களை விரும்பிப் படிக்கும் நேயர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "ஸ்லாங் என்பதைத் தமிழில் 'கொச்சை' என்று சொல்லிவிடலாமா?" பெரும்பாலானோர் அப்படித்தான் சொல்லிவருகிறோம். ஆங்கிலம் - தமிழ் அகராதிகளும் அந்தச் சொல்லைத் தருவதுண்டு. ஆனால், கொச்சை என்றதும் நமது மனதில் எழுவது பிழை, சிதைவு, இழிவு ஆகிய எண்ணங்கள். ஸ்லாங் என்ற சொல்லோ வேறொரு விஷயத்தைக் குறிப்பது. இந்த வேறுபாட்டைக் கவனியாது விடுவதால் நமது மொழிபெயர்ப்புகளில் நேரும் கேடு ஒன்றுண்டு. அதனைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

ஐந்து சொற்கள், ஒரு குழந்தை

ஆங்கிலத்தில் குழந்தையைக் குறிக்க 'சைல்ட்' என்ற பொதுச் சொல் இருக்கிறது. பாடப்புத்தகத்திலும் நீதிமன்றத்திலும் வீட்டிலும் அது பொருந்தும். அதே குழந்தையை 'கிட்' என்றும் சொல்வார்கள். இது நண்பர்களிடையே, குடும்பத்தினரிடையே, பத்திரிகைப் பத்திகளில்கூடச் சாதாரணமாக வழங்கும் பேச்சுச் சொல். இத்தகைய சொற்களையே 'கொலோக்குவியல்' என்பர். ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்தின் வடபகுதியிலும் குழந்தையை 'பேர்ன்' என்பார்கள். அது வட்டார வழக்கு. மகப்பேற்று விடுதியில் வைத்தியர் தமது குறிப்பேட்டில் 'நியோனேட்' என்று எழுதுவார். பிறந்து நான்கு வாரங்களுக்கு உட்பட்ட சிசுவைக் குறிக்கும் இந்தச் சொல் துறைசார் சொல். இத்தகைய சொற்களை 'ஜார்கன்' என்பதுண்டு.

ஐந்தாவதாக, தவழ்ந்து திரியும் குழந்தையை 'ஆங்கிள் பைட்டர்', அதாவது 'கணுக்காலைக் கடிப்பவர்' என்று வேடிக்கையாகச் சொல்வாரும் உண்டு. இதுதான் ஸ்லாங்.

இந்த ஐந்தும் ஒரே குழந்தையைத்தான் சுட்டுகின்றன. ஆனால், 'பேர்ன்' என்று சொல்பவர் தாம் பிறந்த மண்ணின் மொழியைப் பேசுகிறார். 'நியோனேட்' என்பவர் தமது தொழிலுக்குத் தேவையான திட்டவட்டத்துக்காக அச்சொல்லைப் பயன்படுத்துகிறார். 'கணுக்காலைக் கடிப்பவர்' என்பவருக்கோ பொதுச் சொல் தெரியாமலில்லை. தெரிந்துகொண்டே அதனை ஒதுக்கிவைத்துவிட்டு, கேட்பவர் தம்முடன் சேர்ந்து சிரிப்பார் என்ற நம்பிக்கையில் இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கிறார். இந்தத் தேர்வும் இந்த நம்பிக்கையும் ஸ்லாங்கின் இரு கண்கள் எனலாம்.

இந்தச் சொல்லை வரையறுப்பதில் மொழியியலாளருக்கே சிரமம் இருந்திருக்கிறது. 1978இல் பெதனி டுமாஸ், ஜொனதன் லைட்டர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் நான்கு அடையாளங்களைக் குறிப்பிட்டார்கள். ஒரு சொல், கனமான பேச்சின் அல்லது எழுத்தின் கண்ணியத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். அல்லது, சொல்பவருக்கு அந்தப் பொருளோடோ அதனை அறிந்த கூட்டத்தாரோடோ நெருக்கம் உண்டென்று காட்ட வேண்டும். அல்லது, தம்மிலும் உயர்ந்த நிலையில் உள்ளவர் முன்னிலையில் சொல்லத் தயங்கும் சொல்லாக இருக்க வேண்டும். அல்லது, எல்லாருக்கும் தெரிந்த பொதுச் சொல்லின் இடத்தில், அதன் சங்கடத்தைத் தவிர்ப்பதற்காக வந்து அமர வேண்டும். இவற்றுள் குறைந்தது இரண்டு பொருந்தினால் அது ஸ்லாங் என்பது அவர்களது முடிவு. கவனியுங்கள்: நான்கில் ஒன்றுகூட 'இலக்கணப் பிழை' என்று சொல்லவில்லை.

திருடர் பாஷையிலிருந்து

'ஸ்லாங்' என்ற சொல் ஆங்கில எழுத்தில் முதலில் தென்படுவது 1756ஆம் ஆண்டளவில். அதன் வேர் எதுவென்பது இன்றுவரை நிச்சயிக்கப்படவில்லை. தொடக்கத்தில் அது கீழ்மட்டத்தவர் என்று கருதப்பட்டவர்களின் தனிச் சொற்களையே குறித்தது. அதற்கும் முன்னர், திருடர்களும் நாடோடிகளும் தமக்குள் பேசிய பாஷையை 'கான்ட்' என்றார்கள்.

16ஆம் நூற்றாண்டில் தோமஸ் ஹார்மன் என்பவர் நாடோடிகளைப் பற்றி ஒரு நூல் எழுதி, அவர்களது சொற்களுக்கு ஒரு பட்டியலும் இணைத்தார். நல்ல குடிமக்கள் ஏமாறாமல் எச்சரிக்கையாக இருப்பதே அதன் நோக்கம். ஆக, இத்துறையின் ஆரம்பப் பட்டியல்கள் மொழி ஆர்வத்தினால் தொகுக்கப்பட்டவை எனச் சொல்ல முடியாது. காவல்காரனின் பார்வையில் தொகுக்கப்பட்டவை அவை. 1785இல் பிரான்சிஸ் குரோஸ் வெளியிட்ட அகராதியில்தான், சாமானியர் பேச்சை ரசித்துச் சேகரிக்கும் மனோபாவம் தெளிவாகத் தெரிகிறது. பின்னர் எரிக் பார்ட்ரிஜ் 1937இலும், ஜொனதன் கிரீன் 2010இல் மூன்று பெருந்தொகுதிகளாகவும் வெளியிட்ட அகராதிகள் இந்த வழியில் வந்தவை.

சார்ள்ஸ் டிக்கன்ஸின் 'ஒலிவர் டுவிஸ்ட்' 1837 முதல் 1839 வரை தொடராக வெளிவந்த நாவல். அதில் லண்டனுக்கு நடந்துவரும் அநாதைச் சிறுவன் ஒலிவர், பிக்பொக்கற் அடிக்கும் சிறுவன் ஒருவனைச் சந்திக்கிறான். அவன் நீதவானைக் குறிக்க 'பீக்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறான். ஒலிவருக்குத் தெரிந்த 'பீக்' பறவையின் அலகு மாத்திரமே. மற்றவனுக்கு ஆச்சரியம்: இதுகூடத் தெரியாதவன் இருக்கிறானா! இந்த ஒரு சொல்லைக் கொண்டே ஒலிவர் அந்த உலகுக்கு வெளியே நிற்பவன் என்பதை டிக்கன்ஸ் காட்டிவிடுகிறார். பின்னால் அவன் அதற்குள் இழுக்கப்படும்போது நமக்கு ஏற்படும் பதைப்புக்கு இங்கேதான் வித்திடப்படுகிறது. ஸ்லாங் ஒரு வேலி. உள்ளே இருப்பவரை இணைக்கும், வெளியே இருப்பவரை நிறுத்திவைக்கும்.

எப்படி உருவாகிறது?

முதலாவது வழி, சொல்லை வெட்டிக் குறுக்குதல். 'நிலையின்றி அலையும் பொதுமக்கள்' என்ற கருத்துள்ள இலத்தீன் தொடரான 'மொபிலே வுல்குஸ்' என்பதை வெட்டி 'மொப்' என்றார்கள். ஜொனதன் ஸ்விஃப்ட் 1710இல் 'டாட்லர்' என்ற சஞ்சிகையில் இத்தகைய குறுக்கல்களைக் கடுமையாகச் சாடினார். 'மொப்' என்ற சொல்லின் பரவலைத் தடுக்கத் தாம் சில காலமாக முயன்றுவருவதாகவும் எழுதினார். அவர் தோற்றுப்போனார். இன்று 'மொப்' என்பதை ஸ்லாங் என்று எவரும் நினைப்பதில்லை. மூன்று நூற்றாண்டுகள் கழித்து, வசீகரம் எனப் பொருள்படும் 'கரிஸ்மா' என்ற சொல்லின் நடுப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து இளைஞர்கள் 'ரிஸ்' என்றார்கள். ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகம் அதனையே 2023ஆம் ஆண்டின் சொல்லாகத் தெரிவுசெய்தது. கத்தி அதேதான். வெட்டப்படும் சொல்தான் மாறியிருக்கிறது.

இரண்டாவது, ஒலி விளையாட்டு. கிழக்கு லண்டன் மக்களின் எதுகைச் சொற்கள் இதற்குப் பேர்போனவை. தலை என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஹெட்'. அதற்கு எதுகையாக 'லோஃப் ஒஃப் பிரெட்', அதாவது ஒரு இறாத்தல் பாண் என்று சொல்லி, பின்னர் எதுகையாக அமைந்த 'பிரெட்'டையே விட்டுவிட்டு 'லோஃப்' என்று மட்டும் சொல்வார்கள். 'உன் லோஃபைப் பாவி' என்றால் 'மூளையைப் பாவி' என்று அர்த்தம். எதுகையையே மறைத்துவிடுவதனால் வெளியாளுக்குத் தலையும் விளங்காது, பாணும் விளங்காது! 'போய்' என்ற சொல்லின் எழுத்துகளைத் தலைகீழாக்கி 'யொப்' என்று சொன்னதும் இவ்வகைதான். ஒரு பையன் என்ற அளவில் தொடங்கிய 'யொப்', இன்று காலித்தனம் செய்யும் இளைஞனைக் குறிக்கிறது.

மூன்றாவது, பிற மொழிகளிலிருந்து வாங்குதல். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் 'பார்' எனப் பொருள்படும் ஹிந்திச் சொல்லைக்கொண்டு 'டெக்கோ' என்பதை உண்டாக்கினார்கள். அது 'ஒரு பார்வை' என்ற பொருளில் இங்கிலாந்து வரை போயிற்று. இவ்வாறான சொற்களைத் தொகுத்து ஹென்றி யூல், ஏ.ஸி. பேர்னல் ஆகியோர் உருவாக்கிய 'ஹொப்சன் ஜொப்சன்' என்ற பேரகராதி 1886இல் வெளிவந்தது. அதில் நமது தமிழுக்கும் இடமுண்டு. படையணியின் சிறைக்கூடத்தை அந்தச் சிப்பாய்கள் 'கொன்ஜி ஹவுஸ்' என்றார்களாம். உள்ளே போனவருக்குக் கஞ்சிதான் சாப்பாடு என்பதால் வந்த பெயர் அது. சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த ஆங்கிலேயருக்கு 'மல்' என்ற பட்டப்பெயர் இருந்தது. மிளகுத்தண்ணீரிலிருந்து 'மல்லிகட்டோனி' வந்தது, அதனை வெட்டியதில் 'மல்' வந்தது. தமிழ் வீட்டின் இரசம் ஓர் ஆங்கிலேயக் கூட்டத்தின் ஸ்லாங் ஆகிவிட்டது.

யார் வாயில் வருகிறது?

ஸ்லாங் கீழோரின் பேச்சு என்ற எண்ணத்தைத் தகர்ப்பதற்கு இரண்டு எழுத்தாளர்களைத் துணைக்கு அழைக்கலாம்.

ஒருவர் பி.ஜி. வுட்ஹவுஸ். இவரது 'ஜீவ்ஸ்' கதைகளில் பெர்ட்டி வூஸ்டர் என்ற செல்வந்த இளைஞன் வருகிறான். உயர்ந்த கல்லூரிகளில் படித்தவன். அவன் வாயைத் திறந்தால் ஸ்லாங் கொட்டும். அவனது பணியாளர் ஜீவ்ஸோ, கத்தரித்துவைத்தது போன்ற செம்மையான ஆங்கிலம் பேசுவார். எசமான் பேசுவது ஸ்லாங், பணியாள் பேசுவது செந்நடை. கதைகளின் நகைச்சுவையில் பெரும்பங்கு இந்தத் தலைகீழான ஏற்பாட்டிலிருந்துதான் பிறக்கிறது. கவலையின்றிப் பேசும் சலுகை செல்வந்தனுக்கு இருக்கிறது. பணியாளுக்கு அது இல்லை.

மற்றவர் ஜோர்ஜ் பேர்னாட் ஷா. 'பிக்மேலியன்' நாடகம் லண்டனில் 1914இல் மேடையேறியது. பூ விற்கும் பெண்ணான எலைஸாவுக்குப் பேராசிரியர் ஹிகின்ஸ் உயர்குடியினரின் உச்சரிப்பைக் கற்பித்து, தமது தாயாரின் வரவேற்பறையில் பரீட்சித்துப் பார்க்கிறார். உச்சரிப்பில் அவள் தவறவில்லை. ஆனால், இறந்துபோன தனது மாமியைப் பற்றிப் பேசும்போது தெருவில் வழங்கும் சொற்கள் அப்படியே வந்துவிடுகின்றன. வந்திருந்த சீமாட்டி திகைக்கிறார். ஹிகின்ஸ் சமாளிக்கிறார்: இது புதிய நாகரிகப் பேச்சுமுறை என்கிறார்! உடனே அங்கிருந்த சீமாட்டியின் மகள் அதனை நம்பி, அக்காலத்தில் அச்சிடவும் தயங்கிய ஒரு வசைச்சொல்லைத் தானும் உற்சாகத்துடன் சொல்லிப் பார்க்கிறாள். சேரியில் இழிவு என்று ஒதுக்கப்பட்ட சொல், வரவேற்பறைக்கு வந்ததும் நாகரிகம் ஆகிவிடுகிறது. சொல் மாறவில்லை. ஷா தமது நாடகத்தில் கேலி செய்தது எலைஸாவின் சொற்களை என்று நான் கருதவில்லை. அந்தச் சொற்களுக்கு விலை போடுபவர்களையே அவர் கேலி செய்தார் என்பது எனது அபிப்பிராயம்.

மூன்று கதிகள்

ஸ்லாங் சொற்களுக்கு மூன்று கதிகள் உண்டு. பெரும்பாலானவை சில ஆண்டுகளில் மடிந்துவிடும். 1960களில் ஆங்கில இளைஞர் வாயில் இடைவிடாது ஒலித்த 'குரூவி' என்பதை இன்று சொன்னால், சொல்பவரின் வயதுதான் வெளிப்படும்.

சில சொற்கள் மேலேறிப் பொதுமொழியாகிவிடும். இதற்குச் சிறந்த உதாரணம் 'ஓ.கே.' 1839 மார்ச்சில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரப் பத்திரிகையொன்றில் இது முதலில் அச்சேறியது. 'எல்லாம் சரி' எனப் பொருள்படும் 'ஓல் கரெக்ட்' என்ற தொடரை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அதன் முதலெழுத்துகளை எடுத்த ஒரு பகிடி அது. அடுத்த ஆண்டு நடந்த ஜனாதிபதித் தேர்தலில், கின்டர்ஹூக் என்ற ஊரைச் சேர்ந்த மார்ட்டின் வான் பியூரனின் ஆதரவாளர்கள் 'ஓல்ட் கின்டர்ஹூக்' என்ற அவரது பட்டப்பெயரின் முதலெழுத்துகளாகவும் இதனைப் பயன்படுத்திப் பரப்பினார்கள். பத்திரிகைப் பகிடியொன்று இன்று உலகம் முழுவதும் வழங்கும் சொல்.

மூன்றாவது கதி விசித்திரமானது. மேலேயும் போகாமல், மடியவும் மாட்டாமல் இருந்த இடத்திலேயே இருத்தல். மதுவைக் குறிக்கும் 'பூஸ்' என்ற சொல், சற்று வேறு எழுத்துக்கூட்டலில், ஹார்மனின் 16ஆம் நூற்றாண்டுப் பட்டியலிலேயே இருக்கிறது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அது கனமான எழுத்துக்குள் நுழையவில்லை.

ஆகவே, அகராதியில் உள்ள 'ஸ்லாங்' என்ற குறிப்பு நிரந்தரத் தீர்ப்பு அல்ல. ஒரு காலத்தில் ஒரு சமூகம் அந்தச் சொல்லை எங்கே அமர்த்தியிருக்கிறது என்பதற்கான அடையாளம் மாத்திரமே. இக்குறிப்புகளை வாசகர்கள் கண்டனமாக எடுத்துக்கொள்வது ஆங்கிலேயரிடமும் அமெரிக்கரிடமும்கூட உள்ள பழக்கமே. 1961இல் வெளியான வெப்ஸ்டரின் மூன்றாவது பேரகராதியில், 'கொலோக்குவியல்' என்ற குறிப்பையே பதிப்பாசிரியர் பிலிப் கோவ் நீக்கிவிட்டார். 'ஸ்லாங்' என்ற குறிப்பை வைத்துக்கொண்டார். ஒழுங்கைக் குலைத்துவிட்டார் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் அவரை வறுத்தெடுத்தன.

தமிழில் என்ன சொல்வது?

நமது இலக்கணத்தில் இதற்கு அண்மையான ஒரு கருத்து ஏற்கெனவே உண்டு. நன்னூலார் தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாகக் குழூஉக்குறியைக் கூறுகிறார். ஒரு கூட்டத்தார் தமக்குள் ஒரு பொருளின் வழக்கமான பெயரை விட்டு, வேறொரு பெயரால் வழங்குவது அது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரைகள் தரும் உதாரணங்கள். பவணந்தியார் இதனை வழு என்று தள்ளவில்லை, வழக்கு என்றே ஏற்றார். குழூஉக்குறி முழுக்க முழுக்க ஸ்லாங்குக்குச் சமமாகாது. ஸ்லாங்கில் உள்ள குறும்பும், மேலோரைச் சீண்டும் துடுக்கும் குழூஉக்குறிக்கு அவசியமில்லை. இருந்தாலும், 'கொச்சை' என்பதைவிட அது உண்மைக்கு நெருக்கமானது. இடத்துக்கேற்பக் 'குழு வழக்கு' என்றோ, அப்படியே 'ஸ்லாங்' என்றோ எழுதுவது நல்லது என்பேன்.

இனி, முன்னர் நான் குறிப்பிட்ட கேட்டுக்கு வருகிறேன். ஆங்கில நாவலில் வரும் திருடனின் ஸ்லாங்கைத் தமிழாக்கும்போது, மொழிபெயர்ப்பாளர் சிலர் கடற்கரைக் கிராமத்தவரின் பேச்சையோ, தோட்டத் தொழிலாளரின் பேச்சையோ, ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சையோ அந்தத் திருடன் வாயில் வைத்துவிடுகிறார்கள். இரண்டும் 'கொச்சை' என்ற ஒரே பெட்டியில் போடப்பட்டிருப்பதே காரணம். ஆனால், முன்னது வேண்டும்போது உடுத்து வேண்டாதபோது களையும் சட்டை. பின்னது தாய் ஊட்டிய மொழி. அதனைத் திருடன் பாஷைக்கு ஈடாக வைப்பது, அதைப் பேசும் ஒரு மக்கள் கூட்டத்தையே அவமதிப்பதாகும்.

இது கற்பனைப் பயம் அன்று. 1960களின் முற்பகுதியில் ஈழத்து இலக்கிய உலகில் நடந்த மரபுப் போராட்டத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சாதாரண மக்களின் பேச்சுமொழியில் சிறுகதையும் நாவலும் எழுதியவர்களை நோக்கி அன்று வீசப்பட்ட சொல் 'இழிசனர் வழக்கு' என்பது. தாக்குதல் சொற்களின் மேல் என்று தோன்றினாலும், பட்டது அவற்றைப் பேசிய மனிதர்கள் மேல்தான். முற்போக்கு எழுத்தாளர்கள் அதனை எதிர்த்து வாதாடியதனாலேயே, இன்று நமது புனைகதைகளில் எல்லாப் பிரதேசத்தவரும் தம் குரலில் பேச முடிகிறது.

மொழிபெயர்க்க அமர்பவர் ஒரு ஸ்லாங் சொல்லைக் கண்டதும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். இதை யார், யாரிடம் சொல்கிறார்? இதன் மூலம் யாரை உள்ளே சேர்க்கிறார், யாரை வெளியே நிறுத்துகிறார்? இது அவரது அன்றாட மொழியா, வேண்டுமென்றே எடுத்த சொல்லா? விடை கிடைத்தபின், வேடிக்கையான ஒரு புதுச் சொல்லையோ பட்டப்பெயரையோ தாமே ஆக்கிக்கொள்ளலாம். டிக்கன்ஸின் 'பீக்' என்பதற்கு 'அலகர்' என்று ஒரு சொல்லை ஆக்கினால், ஒலிவரோடு சேர்ந்து தமிழ் வாசகரும் ஒரு கணம் திகைப்பார். அந்தத் திகைப்பே டிக்கன்ஸ் விரும்பியது.

ஆங்கிலம் கற்கும் இளைய நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்லாங்கைப் புரிந்துகொள்ளுங்கள். ஆனால், பயன்படுத்துவதில் அவசரம் வேண்டாம். விண்ணப்பக் கடிதத்திலும் பரீட்சை விடைத்தாளிலும் அதற்கு இடமில்லை. நண்பர்களிடையே அது விரைவில் பழசாகிவிடும். புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்ளும் ஸ்லாங் பெரும்பாலும் நேற்றைய ஸ்லாங்காகவே இருக்கும். அந்தக் கூட்டத்தார் உங்களைத் தம்மில் ஒருவராக ஏற்றுக்கொண்ட பின்னர், அந்தச் சொற்கள் தாமாகவே உங்கள் நாவுக்கு வந்துசேரும். அதுவரைக்கும் கேட்டுக்கொண்டிருங்கள். ஒரு சொல் தாழ்ந்ததா உயர்ந்ததா என்று கேட்பதற்கு முன், அது யாருடைய சொல் என்று கேட்டுப் பழகுவதே மொழியறிவின் முதற்படி.